மாரியாயிக்கு நன்றி சொல்லப் பினாங்கு போனது

பினாங்கு கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. ஆனால் எங்களை அங்கே இறங்க விடவில்லை.

கப்பலில் ஒரு பயணிக்கு முதுகில் கொப்புளம் கண்டிருந்தது. அம்மையாக இருக்கலாம் என்று துறைமுக வைத்தியர் சந்தேகப்பட்டார். அவ்வளவுதான், கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்த எங்கள் அத்தனை பேரையும் படகில் ஏற்றி, எதிரே இருந்த ஜெரெஜாக் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நோய் ஊருக்குள் போகாமல் ஆட்களை நிறுத்தி வைக்கிற தீவு அது. எங்கள் துணிகளை ஆவியில் வேகவைத்துக் கசங்கலாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மருந்து நாற்றமடிக்கும் தண்ணீரில் குளிக்கச் சொன்னார்கள். நீண்ட கொட்டகையில் பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம். சோற்றோடு கருவாடும், இறாலைப் புளிக்கவைத்து அரைத்த ஒரு கறுப்புத் துவையலும் தந்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆத்தாடி, இதுக்குப் பட்டினியே மேலு" என்று தள்ளி வைத்தாள். மறுநாள் அவளே இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள்.

எனக்குத்தான் எதுவும் இறங்கவில்லை. அக்கரையில் ஒருத்தி இருந்தாள். அவள் எந்த நிமிஷமும் கப்பலேற்றப்படலாம். நானோ கடலைத் தாண்டி வந்து, கூப்பிடு தூரத்தில் மாட்டிக்கொண்டேன்.

அவள் யார் என்று சொன்னால்தான் என் பதற்றம் விளங்கும்.

நான் தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெயர் எஸ்தர். ஞானஸ்நானம் பெறும் வரைக்கும் பேச்சியம்மாள். தாய் தகப்பன் இல்லாமல் அத்தை வீட்டில் வளர்ந்த என்னைச் சந்தையில் பார்த்த ஒருவன், பினாங்கில் பெரிய வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை இருக்கிறது என்றான். நம்பிப் போனேன். வழியில் அவன் பேச்சு மாறியது. தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் நாகப்பட்டினம் டிப்போவுக்குள் வந்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால் கழுத்தை நெரித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான்.

வரிசையில் எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, "இவன் உன் சித்தப்பாவா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் கத்தினாள்: "பொய்யி! ஐயா, பொய்யி! ராத்திரி பூரா இந்தப் புள்ள அழுதுச்சு. அவ அப்பன் பேரு என்னன்னு இவனைக் கேளுங்க. தெரியுதா பாருங்க!"

அவன் திரும்பி அவளை ஓங்கி அறைந்தான். அவள் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தும் கத்தினாள். அதிகாரி அவனிடம் என் தகப்பன் பெயரைக் கேட்டார். அவனால் சொல்ல முடியவில்லை.

அன்று பொழுது சாயும்போது நான் மிஷன் பெண்கள் விடுதியில் இருந்தேன். அவள் பினாங்கு போகும் கப்பலில் இருந்தாள். குமாஸ்தா கூப்பிட்டதால் அவள் பெயர் மட்டும் எனக்குத் தெரியும்: மாரியாயி.

விடுதியில் படித்தேன், நர்ஸ் ஆனேன், கர்த்தரை அறிந்தேன். என்னைக் காப்பாற்றியது அவர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று அவர் கத்தியது ஒரு பெண்ணின் தொண்டையால். அந்தத் தொண்டைக்காரி எங்கோ உழைத்துக்கொண்டிருக்கிறாள். கடவுளுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அவளை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, தோட்டத்திலிருந்து திரும்பி வந்து எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற ஒருத்தி, பினாங்குக்கு எதிர்க்கரையில் சுங்கை பாக்காப் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாரியாயி இருக்கிறாள், கங்காணியையே எதிர்த்துப் பேசுகிறவள் என்றாள். பினாங்கில் இருக்கும் உபதேசியார் மாசிலாமணிக்கு எழுதி விசாரித்தோம். அவள்தான். ஆனால் ரப்பர் விலை விழுந்துவிட்டது, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து ஊருக்கு அனுப்புகிறார்கள், பார்க்க வேண்டுமானால் தாமதிக்காமல் வரவும் என்று அவர் பதில் எழுதியிருந்தார். இந்தியாவில் இறங்கிவிட்டால் அவள் எந்தச் சீமைக்குப் போவாளோ. அப்புறம் தேட முடியாது.

தீவில் ஒரு காலை, பினாங்குப் பக்கமிருந்து ஒரு கப்பல் எங்கள் கண்ணெதிரே கடந்து போனது. தட்டு முழுக்க நம் ஜனங்கள். கம்பி ஓரத்தில் பெண்கள் மூட்டையை அணைத்துக்கொண்டு நின்றார்கள். "ஊருக்குத் திரும்புற கூட்டம்" என்றான் காவல்காரன். நான் கரைக்கு ஓடி, தண்ணீர் முழங்காலைத் தொடும் வரை இறங்கி, "மாரியாயி! மாரியாயி!" என்று கத்தினேன். எஞ்சின் இரைச்சலில் என்ன கேட்கும்? சிலர் கையாட்டினார்கள். யாரோ ஒரு பைத்தியம் வழியனுப்புகிறது என்று நினைத்திருப்பார்கள்.

கொப்புளம் அம்மை இல்லை என்று ஒருவாறு தெரிந்து எங்களை விட்டார்கள். துறைமுகத்தில் உபதேசியாரும் அவர் மனைவி தங்கமும் காத்திருந்தார்கள். தங்கம் அங்கேயே பிறந்து வளர்ந்தவள்; என்னைவிடச் சிறியவள். என்னைப் பார்த்ததும், "என்னக்கா இப்படி இளைச்சுப் போயிட்டீங்க. வாங்க லா, முதல்ல சாப்பிடலாம்" என்றாள், அந்த ஊர்ப் பேச்சில் வால்போல ஒட்டும் 'லா'வோடு.

"அவள் போய்விட்டாளா?" என்று கேட்டேன்.

"தெரியலை அக்கா. நாளைக்குப் பொழுது விடிஞ்சதும் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துடலாம்."

ரிக்‌ஷாவில் ஏறினோம். சீனர் ஒருவர் இழுத்தார். ஆள் இழுக்கும் வண்டியில் உட்கார எனக்குக் கூசியது. ஒரு முனை திரும்பும்போது டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு எதிரே வந்தது. அவர் சட்டென்று ஒதுங்க, ஒரு சக்கரம் சாக்கடையில் இறங்கி, நான் தங்கத்தின் மடியில் விழுந்தேன். ரிக்‌ஷாக்காரர் மலாயில் ஏதோ சொன்னார். "பெரிய வண்டிக்குக் கண்ணு கிடையாது, நமக்குத்தான் இருக்கணும்னு சொல்றாரு" என்றாள் தங்கம்.

உபதேசியாரின் வீடு சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில். அந்தத் தெருவில் நடந்தால் நாகூரில் நடப்பதுபோலவே இருக்கிறது: தமிழ்ப் பேச்சு, அத்தர் வாசனை, மூட்டை மூட்டையாக மிளகாய். தலைப்பாகை கட்டிய ஒரு பாய், கம்பின் இரு முனையிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்துவந்து, ஓரத்தில் இறக்கி விற்றார். இலையில் சோறு வைத்து, மீன் குழம்பும் கோழிக் குழம்பும் வெண்டைக்காய்க் குழம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினார். எங்கள் ஊரில் இப்படிக் கலந்தால் சண்டை வரும். "சாப்பிட்டுப் பாருங்கம்மா, அப்புறம் சொல்லுங்க" என்றார். ருசியாகத்தான் இருந்தது. பாதிக்குமேல் போகவில்லை. என் தப்பு, அவர் குழம்பின் தப்பு அல்ல.

மறுநாள் காலை தங்கமும் நானும் பினாங்குத் தீவிலிருந்து படகில் கடலைத் தாண்டி அக்கரைக்குப் போனோம். படகுத்துறையில் இடியாப்பத்தைத் தேங்காய்ப்பூவும் கருப்பட்டித் தூளும் போட்டு விற்றார்கள். அதற்கு அங்கே புட்டு மாயம் என்று பெயராம். "இது புட்டு இல்லையே" என்றேன். "இங்க புட்டுதான்" என்றான் விற்றவன், வாதத்துக்கு இடமில்லாமல்.

பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டயர் வெடித்து, மாற்று டயரிலும் காற்று இல்லை. ஓட்டுநர் மரத்தடியில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தார். நானும் தங்கமும் நடந்தோம். இரு பக்கமும் வரிசை பிசகாத ரப்பர் மரங்கள். மரத்துக்கு மரம் சாய்வாக வெட்டுத் தழும்பு. பட்டப்பகலிலும் உள்ளே மங்கல். ஒரு மாட்டுவண்டிக்காரர் கடைசியில் எங்களை ஏற்றிக்கொண்டார்.

சுங்கை பாக்காப்பைத் தாண்டி இருந்த அந்தத் தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பாதி வீடுகளுக்குக் கதவு சாத்தியிருந்தது. ஒரு வீட்டில் மட்டும் அடுப்பு புகைந்தது. மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் மாரியாயியைக் கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்க யாரு?"

"ஊரிலிருந்து வருகிறேன். அவளைப் பார்க்கத்தான்."

"கால்ல பாராங் கத்தி பட்டுடுச்சு அக்கா. புல்லு வெட்டுறப்ப. சின்ன காயம்னு மஞ்சளை வச்சுக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போனா. சொன்னா கேக்கிற ஆளா அவ? கால் வீங்கிக் கறுத்துப்போச்சு. நேத்துதான் லாரியில போட்டுப் பினாங்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. புருசன்காரனும் கூடப் போயிருக்கான்."

நேற்று. நான் பாதிச் சோற்றை இலையில் விட்டு எழுந்த அதே ஊரில் அவள் இருந்திருக்கிறாள்.

கால் கறுத்துப்போச்சு என்றாள். நான் நர்ஸ். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

திரும்பும்போது கடல் கெட்டிருந்தது. மலைப் பக்கமிருந்து மழை திரைபோல வந்தது. படகுக்காரர் ஒருவர் மற்றவரிடம், "அக்கரை மறைஞ்சு போச்சு, துறையில அடிக்கிற மணிச் சத்தத்தை வச்சுத்தான் போகணும்" என்று மலாயில் சொன்னதாகத் தங்கம் சொன்னாள். ஒவ்வொரு அலைக்கும் படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரை உள்ளே அள்ளியது. தங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபித்தாள். எனக்கு ஜெபம் வரவில்லை. கோபம்தான் வந்தது. 'இத்தனை வருஷம் கழித்து அவள் இருக்கும் இடத்தைக் காட்டினீரே, ஆண்டவரே, கறுத்த காலைப் பார்க்கத்தானா?' என்று கேட்டேன். கரை சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலை அடைத்துவிட்டார்கள். காலையில் வா என்றான் காவல்காரன்.

காலையில் உபதேசியார் பேசி எங்களை உள்ளே விட வைத்தார். பெண்கள் வார்டின் கடைசிக் கட்டில். அருகே போகும் முன்பே அந்த வாடை எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வராந்தாவில் ஒல்லியான ஒருவர் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தார். மாரியாயியின் கணவர் முனியாண்டி. "ஒத்துக்க மாட்டேங்குறா அம்மா" என்று, நான் யார் என்றுகூடக் கேட்காமல் என்னிடம் அழுதார். "காலை எடுத்துடணும்னு டாக்டர் சொல்றாரு. சம்மதச் சீட்டுல கட்டை விரலை வைக்க மாட்டேங்குறா. என்னைத் தோட்டத்துக்குக் கொண்டு போ, அங்கேயே செத்துக்கிறேன்னு நிக்கிறா."

நான் நர்ஸ் என்று அறிந்ததும் டாக்டர் காயத்தைக் காட்டினார். வெள்ளைக்காரர், களைத்த முகம். கறுப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. "மத்தியானத்துக்குள் சம்மதித்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்கலாம்" என்றார். "நாளைக்கு என்றால் தொடை. அதற்குப் பிறகு என்னிடம் வேலை இல்லை."

மாரியாயி கண்ணை மூடியிருந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. "அக்கா" என்றேன். அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"இந்தப் பக்கம் வந்து பேசுங்கம்மா" என்றார் முனியாண்டி. "இடது காது கேக்காது அவளுக்கு. இந்தச் சீமைக்குக் கப்பலேறுறப்ப டிப்போவில எவனோ அடிச்ச அடி."

அவள் அந்த அறையை வாங்கியதைப் பார்த்தவள் நான். எழுந்து, முகத்தைத் துடைத்து, போய்விட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த அடி இன்னும் அவளோடு இருந்தது.

வலது பக்கம் போய், நான் யார் என்று சொன்னேன். அவள் கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போம்மா. அந்தப் புள்ள கறுப்பா ஈர்க்குச்சி மாதிரி இருக்கும். நீ துரைசானி கணக்கா இருக்கே."

"முந்தின நாள் ராத்திரி எனக்கு வெல்லக்கட்டி கொடுத்தீங்க. அழாதே, எறும்பு வந்துடும்னு சொன்னீங்க."

அவள் கையை நீட்டி என் தாடையைத் தொட்டாள். "சோறு திங்கிறியா ஒழுங்கா?" என்றாள். "கல்யாணம் ஆச்சா?"

"இல்லை. பிரசவம் பார்க்கிறேன். நர்ஸ் வேலை."

"நல்லது. நல்லா இருக்கேல்ல, அது போதும்."

கப்பலில் வரும்போது நான் மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. "உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன் அக்கா. என்னால்தானே உங்கள் காது…" என்று திணறினேன்.

"அட, தோட்டத்துல கேக்கிறதுக்கு ஒரு காதே ஜாஸ்தி" என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். காய்ச்சல் கை, இரும்புபோல் பிடி. "நன்றி சொல்லத்தானே வந்தே? அப்ப ஒண்ணு செய்யி. நீ படிச்சவ, நீ சொன்னா கேப்பாங்க. என்னைத் தோட்டத்துக்குக் கொண்டு போயிடச் சொல்லு. ஒத்தக் காலோட நான் என்ன செய்வேன்? மரம் சீவிப் பால் எடுக்க முடியுமா? துரை சீட்டைக் கிழிச்சுக் கப்பல்ல ஏத்துவான். அங்க எனக்கு யாரு இருக்கா? முழுசாப் போயிடுறேன். இந்த ஒரு உதவி செய்யி."

நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். வாழ்க்கையில் எனக்கு மிகப்பெரிய உதவி செய்தவள் என்னிடம் கேட்ட முதல் உதவி. அதை நான் செய்தால் அவள் செத்துப்போவாள்.

முனியாண்டி என் பின்னால் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டா? காயத்தைக் கழுவத்தான் போறாங்கன்னு சொல்லிடுங்க. கழுவுறதுக்குத்தான் கைநாட்டுன்னு சொல்லுங்க. காதும் சரியாக் கேக்காது. அந்தப் பக்கமா நின்னு மெதுவா ஏதாச்சும் சொல்லி விரலை வாங்கிடலாம். முழிக்கிறப்ப உயிரோட இருப்பாள்ல? அப்புறம் என்னைக் கொன்னாலும் சரி."

தங்கமும் கலங்கிய கண்ணோடு, "அக்கா, உயிரைக் காப்பாத்தத்தானே" என்றாள்.

அவர்கள் சொன்னது எனக்குத் தப்பாகப் படவில்லை என்பதுதான் பயங்கரம். எங்கள் ஆஸ்பத்திரியில் இதைவிடச் சின்னப் பொய்கள் எத்தனையோ சொல்வோம். மணி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு தடவை வாசலில் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். நான் சுவரில் நெற்றியை வைத்து நின்றேன். அந்தப் பக்கம் நின்று மெதுவாகச் சொல்லலாம் என்கிறாரே. அந்தக் காது எப்படிப் போனது? ஒருவன் சொன்ன பொய்யைப் பொய் என்று சொன்னதற்காகப் போனது. அந்தக் காதின் பக்கம் நின்று நான் பொய் சொல்வதா? 'ஆண்டவரே, வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன். மிச்சம் உம்முடையது' என்று மட்டும் ஜெபித்துவிட்டு உள்ளே போனேன்.

வலது பக்கம் போய் முழங்காலிட்டு, அவள் காதருகே சொன்னேன்.

"அக்கா, உங்களைத் தோட்டத்துக்கு அனுப்பச் சொல்ல என்னால் முடியாது. கால் அழுகிவிட்டது. எடுக்காவிட்டால் இந்த வாரம் தாண்டாது. காயத்தைக் கழுவப் போகிறோம் என்று பொய் சொல்லி விரல் வாங்கலாம் என்றார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். நீங்கள் விரல் வைத்தால் கால் போகும். தெரிந்து வையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்."

அவள் கண் விரிந்தது. "யாரு? யாரு பொய் சொல்லச் சொன்னது? இந்த மனுசனா?" தலையைத் தூக்கினாள். "இங்க வாய்யா! வாய்யான்னேன்!"

முனியாண்டி வந்து கால்மாட்டில் நின்றார். அவ்வளவு காய்ச்சலில் அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ. வார்டே எழுந்து உட்கார்ந்தது. ஏமாற்றுக்காரன், கோழை, கூட வாழ்ந்தவளைக் கழுத்தறுக்கப் பார்த்தவன் என்று அவள் திட்டித் தீர்த்தாள். அவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. திட்டு அழுகையில் முடிந்தது. பிறகு அவள் என்னைக் கேட்டாள்:

"எதுவரைக்கும் எடுப்பான்?"

"இப்போது என்றால் முழங்காலுக்குக் கீழே."

"அப்புறம் மரம் சீவ முடியுமா?"

"முடியாது அக்கா."

"அப்ப எதுக்குடி?"

அது நான் படித்த படிப்பிலும் இல்லை, கேட்ட பிரசங்கத்திலும் இல்லை.

முனியாண்டிதான் பேசினார். குரல் எழும்பவில்லை, தன் வாயசைவை அவள் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி முன்னால் வந்து நின்று பேசினார்.

"மரத்தை நான் சீவுறேன். நீ மரத்தடியில உக்காந்து என்னைத் திட்டு. திட்டுறதுக்குக் காலு எதுக்கு? நீ கத்தலைன்னா எனக்குக் காலையில எந்திரிக்கவே வராது, மாரி. தோட்டத்துல இல்லாட்டி வேற எங்கயாச்சும். பொழைக்க வேணாம், சும்மா இரு. இருந்தாப் போதும்."

வார்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மாரியாயி அவரை வெகுநேரம் முறைத்தாள். பிறகு வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் அழுகையானது.

"மையைக் கொண்டாங்க" என்றாள்.

அறுவை சிகிச்சை அறை வாசல் வரை நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். "உன் சாமிகிட்ட நீ சொல்லு. மாரியாத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். கதவை மூடினார்கள். நான் எத்தனையோ அறுவை சிகிச்சைக்கு உள்ளே நின்றிருக்கிறேன், வெளியே நின்றதில்லை. உள்ளே நிற்கிறவர்களுக்குச் செய்ய வேலை இருக்கிறது. வெளியே ஒன்றுமே இல்லை. முனியாண்டி தரை ஓடு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கம் காப்பி வாங்கி வந்தாள், யாரும் தொடவில்லை, ஆடை கட்டி ஆறிப்போனது. டாக்டர் வெளியே வந்தபோது அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. "இதயம் நல்ல இதயம்" என்றார். "இனி காய்ச்சலைப் பொறுத்தது."

காய்ச்சல் இறங்க மறுத்தது. நான் திரும்ப வேண்டிய கப்பல் புறப்பட்டது, நான் போகவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தந்தி கொடுத்துவிட்டு, பகல் முழுக்க அவள் பக்கத்தில் இருந்தேன். ஈரத்துணி மாற்றினேன், கஞ்சி ஊட்டினேன். அவள் பிதற்றலில் திரும்பத் திரும்ப யாரையோ தேடினாள். ஒரு பிற்பகல் துணியை எடுத்தபோது நெற்றி வேர்த்திருந்தது. காய்ச்சல் விட்ட வேர்வை. கண்ணைத் திறந்து, "கஞ்சியில உப்பே இல்லை. நாலு நாளாச் சொல்லணும்னு நினைக்கிறேன்" என்றாள். நான் வெளியே போய் வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவள் பயந்தபடியே தோட்டத்தில் இருவர் பெயரையும் அடித்துவிட்டார்கள். ஆனால் கப்பலேற்றவில்லை. பினாங்கிலேயே கெலுகோரில் தென்னந்தோப்பு நடுவே ஒரு பங்களாவில் மாடு பார்க்க ஆள் தேடினார்கள். தங்கம் விடாப்பிடியாக நின்று முனியாண்டிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். கொட்டிலை ஒட்டி ஒரு அறை. ஊன்றுகோலுக்கு ஒரு சீனத் தச்சரிடம் போனோம். ஆளைப் பார்க்காமல் செய்ய மாட்டேன் என்று பிடிவாதமாக வீட்டுக்கே வந்து, மாரியாயியை நிற்க வைத்துக் கக்கத்திலிருந்து தரை வரை நூலால் அளந்தார். அவள் அவரையும் திட்டினாள். ஒரு பாஷையும் பொதுவில்லாமல் அவரும் திருப்பித் திட்டினார். கோல் அருமையாக அமைந்தது.

புறப்படும் நாள் காலையில் கெலுகோருக்குப் போனேன். தென்னை மரத்தடியில் உட்கார்ந்து பால் செம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் உட்கார்ந்தேன்.

"அக்கா, சொல்ல வந்ததை நான் இன்னும் முழுசாகச் சொல்லவே இல்லை."

"சொல்லு."

சொன்னேன். விடுதியில் முதன்முதலாக எழுத்துப் படித்தது, முதல் பிரசவம் பார்த்தது, என் கையில் பிறந்த குழந்தைகள், அவர்களில் இரண்டு பேருக்கு நான் மாரி என்று பெயர் வைக்கச் சொன்னது, எல்லாவற்றையும். "இதெல்லாம் நீங்கள் அன்று கத்தியதால் வந்தது. கடவுளுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் செத்துப்போனால் அந்த ஸ்தோத்திரம் அரைகுறைதான் என்று தோன்றியது."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நான் உனக்காகக் கத்தலை, புள்ள" என்றாள்.

"பின்னே?"

"காத்தாயிக்காகக் கத்தினேன். என் தங்கச்சி. முந்தின வருசம் அவளையும் ஒருத்தன் இப்படித்தான் சித்தப்பன்னு சொல்லி அதே டிப்போவில ஏத்திட்டான். நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள கப்பல் போயிடுச்சு. அவளைத் தேடத்தான் நான் பேரைக் கொடுத்து இங்க வந்தேன். தோட்டம் தோட்டமா கேட்டுப் பார்த்துட்டேன். ஆளு இல்லை." செம்பைக் கவிழ்த்தாள். "அவ நின்ன வரிசையிலயும் பின்னால யாராச்சும் நின்னிருப்பாங்கள்ல? பார்த்துக்கிட்டுத்தானே நின்னிருப்பாங்க?"

அவள் கையைப் பிடித்தேன், சாம்பலோடு. கடல் தாண்டிக் கொண்டுவந்த என் நன்றியை வைக்க அவளிடம் இடமில்லை; அந்த இடத்தில் வேறொருத்தி இருந்தாள்.

"உன் சாமிகிட்ட அவ பேரையும் சொல்லிப் பாரு. நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்" என்றாள். அங்கேயே தலை குனிந்து சொன்னேன். முனியாண்டி மாட்டை விட்டுவிட்டு வந்து, முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் கப்பலில் ஊருக்கு அனுப்பப்படும் தோட்டத்து ஜனங்கள் தட்டு முழுக்க நிறைந்திருந்தார்கள். மூட்டைகள், பாத்திரங்கள், கூண்டில் ஒரு கிளி. பினாங்கு மலை பின்னால் மங்கத் தொடங்கியபோது நான் எழுந்து, பெண்கள் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் நடந்தேன். ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்டேன். சிலர் சொன்னார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள்.

"யாரைம்மா தேடுறே?"

"காத்தாயி என்று ஒருத்தி. எங்க அக்காவோட தங்கச்சி."

"எந்தத் தோட்டம்?"

"தெரியாது."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கப்பலின் மறு கோடிக்குக் கேட்கும்படி கத்தினாள்:

"இங்க காத்தாயின்னு யாராச்சும் இருக்கீங்களா?"

பதில் வரவில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்னொரு பக்கமாகத் திரும்பி மறுபடியும் கத்தினாள்.